நத்தை வீடு – 9: அடைக்கக் கூடாத ஓட்டை

பனிக்காக மூடிய மலைக் கணவாயின் தடுப்புக்குக் கீழே நத்தையை நிறுத்திவிட்டுத்தானே போன வாரம் பிரிந்தோம்? இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. பனி மட்டும் ஒரு சாண் கூடியிருக்கிறது.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நத்தை என்பது ஐந்தரை மீட்டர் நீளமுள்ள பழைய வீட்டு வண்டி. அடுப்பு, கட்டில், கழுவுதொட்டி, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. ஊர் ஊராகப் போய்க் கிணற்று மோட்டாருக்குச் சூரியத் தகடு மாட்டும் ஹத்தூவும், அவன் மனைவி இத்தோவும், ராஷிதியாவில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு ஐந்து வயது மகள் தீஸிரியோடு அதிலேதான் குடித்தனம் நடத்துகிறார்கள். வண்டிக்குப் பெயர் வைத்தது தீஸிரி.

மூன்று பேருக்கே மூச்சு முட்டும் அந்த வண்டியில், பத்து நாளைக்கு முன்னால் ஹத்தூவின் தங்கை துதா ஒரு துணிப்பையோடு வந்து ஏறிக்கொண்டாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் மிதெல்த்தில் இருக்கும் புருஷன் பென்னாசரை விட்டுவிட்டு ஏன் வந்தாள் என்று அவள் சொல்லவில்லை. கேட்கிற விதத்தில் யாரும் கேட்கவும் இல்லை. இப்போது ஹத்தூவுக்கு மிதெல்த் ஆப்பிள் தோட்டமொன்றில் வேலை கிடைத்து, வண்டி வடக்கே திரும்பியிருக்கிறது. திரும்பிய நாளிலிருந்து துதா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறாள்.

அன்று காலை எட்டு மணிக்கே, ரோடு எப்போது திறக்கும் என்று விசாரிக்க ஹத்தூ தடுப்பை நோக்கி நடந்துவிட்டான். தடுப்பு முக்கால் கிலோமீட்டர் மேலே இருந்தது. நத்தைக்கு முன்னால் நாற்பது வண்டிகள், பின்னால் இரண்டே இரண்டு.

"அண்ணி, அடுப்பு எரியல," என்றாள் துதா.

"திருகிப் பாத்தியா?"

"திருகிப் பாத்தேன், தட்டிப் பாத்தேன், திட்டியும் பாத்தேன்."

இத்தோ அலமாரிக் கதவைத் திறந்தாள். உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வண்டியை விற்றுவிட்டுப் போன ஒடெத் என்ற பிரெஞ்சுக் கிழவி, கோணல் எழுத்தில் பதினாலு விதிகள் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தாள். கிளம்பும் முன் வண்டியைக் கையால் தொட்டபடி ஒரு சுற்று வா. ஓடும்போது காஸை மூடு. கனமான சாமான் கீழே, லேசானது மேலே. வானம் எவ்வளவு நீலமாக இருந்தாலும் காய்ந்த ஆற்றுக்குள் வண்டியை நிறுத்தாதே. டம்ளரைப் பாதிதான் நிரப்பு. ஒன்பதாம் வகுப்புவரை படித்த இத்தோவுக்கு அந்தப் பதினாலும் மனப்பாடம். ஹத்தூ அதில் ஒன்றை மட்டும் ரத்து செய்திருந்தான். விஷக்காற்று அலாரம் ரொட்டி சுடும்போதெல்லாம் கத்துகிறது என்று கழற்றி, திருப்புளிகளோடு டிராயரில் போட்டு மூடியிருந்தான்.

"வக்கீலம்மா, சட்டம் என்ன சொல்லுது?" என்றாள் துதா.

வந்த முதல் நாளே இரும்புச் சட்டியை மேல் அலமாரியில் வைத்து, முதல் திருப்பத்திலேயே அதை அண்ணன் தலையில் விழவைத்தவள் அவள். அன்றைக்கு இத்தோ நடத்திய பாடத்துக்குப் பிறகுதான் இந்த 'வக்கீலம்மா.'

"நீல சிலிண்டர் குளிர்ல தூங்கிடும்னு போட்டிருக்கு. உள்ள காஸ் இருக்கும், வெளிய வராது. வெதுவெதுன்னு தண்ணியில நிக்க வைக்கணும். நெருப்பைக் கிட்டவே கொண்டுபோகக் கூடாது."

"தண்ணிய எதுல சுட வைக்கிறது? அடுப்பே எரியலையே."

அது ஒடெத் எழுதாத விஷயம். என்ஜினைப் போட்டால் சூடு வரும், ஆனால் டீசல் முள் சிவப்பில் கிடந்தது. கணவாயைத் தாண்ட வேண்டும், தொடாதே என்று சொல்லிவிட்டுத்தான் ஹத்தூ போனான். தீஸிரி இரண்டு கம்பளிக்குள் சுருண்டிருந்தாள். உதடு ஊதா நிறத்தில் இருந்தது. பிள்ளையின் பல் தந்தியடிக்கும் சத்தம் இத்தோவுக்குக் கேட்டது.

"தடுப்புகிட்ட டீக்கடை இருக்கு. ரெண்டு கேன்ல சுடுதண்ணி வாங்கிட்டு வந்துடறேன். நீ பிள்ளையைப் பாத்துக்கோ."

"நான் போயிட்டு வரேனே, அண்ணி."

"வேண்டாம்." வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அங்கே ஹத்தூ இருப்பான். நாத்தனார் இல்லாத இடத்தில் புருஷனிடம் நாலு வார்த்தை பேசிப் பத்து நாளாகிறது.

செருப்புத் தொட்டியிலிருந்து தன் பூட்ஸை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தபோது துதா பின்னாலிருந்து கேட்டாள்.

"அண்ணி, கதவுகிட்ட கீழ காத்து ஓட்டை ஒண்ணு இருக்கே. அது திறந்துதானே இருக்கு?"

குளிர் வருகிறது என்று குறை சொல்கிறாள் என்றுதான் இத்தோவுக்குப் பட்டது.

"திறந்துதான் இருக்கும். குளிருதேன்னு அதை அடைக்கலாம்னு நினைக்காதே. ஏழாவது விதி. அடியில ரெண்டு கோடு போட்டிருக்கா கிழவி."

"அடைக்கச் சொல்லலையே. கேட்டேன், அவ்வளவுதான்."

"கேட்டதுக்குத்தான் சொன்னேன்."

செருப்புத் தொட்டியை நகர்த்திக் குனிந்து பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும். இத்தோ கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிவிட்டாள்.

*

டீக்கடை என்றால் தகரக் கூரையும் ஒரு அடுப்பும்தான். முப்பது பேர் அதைச் சுற்றி ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஹத்தூ காதுவரை குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான். மனைவியைப் பார்த்ததும் மிச்ச டீயை அவளிடம் நீட்டினான்.

"பனி வாரும் வண்டி அந்தப் பக்கத்துலேருந்து வருதாம். மதியத்துக்கு மேல திறந்துடுவாங்க."

"காஸ் தூங்கிடுச்சுங்க. சுடுதண்ணிக்கு வந்தேன்."

"வரிசையில நில்லு. எல்லாரும் அதுக்குத்தான் வந்திருக்காங்க."

வரிசை நகரவே இல்லை. நிற்கிற நேரத்தில் ஹத்தூ குரலைத் தாழ்த்தினான்.

"இத்தோ, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. துதாவை மிதெல்த்துல அவ வீட்டுலயே விட்டுடலாம்னு இருக்கேன்."

"அவ ஒத்துக்கிட்டாளா?"

"அவளை யாரு கேட்டா? பென்னாசர் கோபக்காரன்தான், ஒத்துக்கறேன். எந்த வீட்டுல கோபம் இல்ல? தினமும் எனக்குப் போன் பண்ணி அழறான். நீயும் பத்து நாளா முகத்தைத் தூக்கி வச்சிருக்கே. அஞ்சரை மீட்டர் வண்டியில நாலு பேரா?"

இத்தோ டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உண்மையைச் சொன்னால், அவளுக்கு நிம்மதியாக இருந்தது. மேல் கட்டிலில் புருஷனோடு படுத்து எத்தனை நாளாகிறது! அலமாரி அலமாரியாக இருக்கும். காலையில் கக்கூஸுக்கு முறை போட வேண்டாம். இந்த நிம்மதிக்காக வெட்கமும் பட்டாள். பட்டாலும் வேண்டாமென்று சொல்லவில்லை.

"உங்க தங்கச்சி. உங்க இஷ்டம்," என்றாள்.

தண்ணீர் கிடைத்தபோது பதினொன்றேகால். ஹத்தூ இன்னும் செய்தி கேட்டுவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்டான். இரண்டு கேன்களையும் சால்வைக்குள் அணைத்துக்கொண்டு இத்தோ இறங்கினாள். நின்றிருந்த வண்டிகளின் ஓரமாக, மனிதர்கள் மிதித்த தடத்திலேயே கால் வைத்து நடந்தாள். கூரைமேல் பனி கெட்டியாக ஏறி, நத்தை பெரிதாகத் தெரிந்தது. கூரையில் காளான் மாதிரி இருக்கும் காற்றுக் குழாய் எங்கே என்றே தெரியவில்லை.

ஏறும் படியில் சிவப்பாக ஏதோ கிடந்தது. யாரோ கம்பளியை வெளியே எறிந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

கம்பளி அசைந்தது.

"தீஸிரி!"

பிள்ளை காலில் காலுறை மட்டும்தான். படியில் உட்கார்ந்து, மடியெல்லாம் வாந்தி எடுத்து, அழக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. பின்னால் கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது.

"எங்கடி அத்தை? உன்னை எதுக்குடி வெளிய உக்கார வச்சா? துதா! ஏய் துதா! பனியில பிள்ளையைத் தள்ளிட்டு உள்ள என்ன பண்றே? உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?"

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே கதவை இழுத்தாள். கனத்த, காய்ந்த சூடு முகத்தில் வந்து மோதியது. கழுவுதொட்டிக்குக் கீழே, தட்டின்மேல், துதா பின்வண்டிக்காரர்களிடம் இரவல் வாங்கிவந்த மண் குமுட்டி அடுப்பில் கரி செக்கச்செவேலென்று இருந்தது. புகை துளி இல்லை. புகையெல்லாம் வெளியே போக விட்டு, தணல் சிவந்த பிறகு உள்ளே கொண்டுவந்தால் ஒன்றும் செய்யாது என்று அந்தப் பக்கத்தில் சொல்லாதவர்கள் இல்லை. அது பொய்யென்று தெரிந்துகொண்டவர்கள் பலர் எழுந்து வந்து சொன்னதில்லை.

துதா கதவுக்கு உள்பக்கம் குப்புறக் கிடந்தாள். ஒரு கை மட்டும் கதவு விளிம்புவரை நீண்டிருந்தது.

கேன்கள் எங்கே விழுந்தன என்று இத்தோவுக்கு இன்றுவரை தெரியாது. துதாவின் கைகளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நேற்றுவரை இடத்தை அடைக்கிறாள் என்று கணக்குப் போட்ட அதே உடம்பு இப்போது மலையாகக் கனத்தது. "யாராவது வாங்களேன்! அல்லாவே, யாராவது வாங்க!" என்று அலறினாள். முன்னால் நின்ற பேரீச்சம்பழ லாரியிலிருந்து டிரைவர் மிமூன் குதித்து ஓடிவந்தார்.

"மூச்சை அடக்கிக்கம்மா! உள்ள மூச்சு விடாதே! நான் தோளைப் பிடிக்கிறேன், நீ காலைப் பிடி!"

இருவருமாகப் பனிமேல் கிடத்தினார்கள். துதாவின் முகம் வெளுக்கவில்லை. கல்யாணப் பெண்ணைப் போல் கன்னம் சிவந்திருந்தது. அதுதான் இத்தோவைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

"மூச்சு இருக்கா? அண்ணே, மூச்சு இருக்கா, சொல்லுங்களேன்!"

"இருக்கு, இருக்கு. கழுத்தைத் தளர்த்து. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன், தடுப்புகிட்டதான் நிக்குது." மிமூன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, தன் கோட்டைக் கழற்றித் தீஸிரியைச் சுற்றினார்.

இத்தோ துதாவின் மேல்சட்டைப் பொத்தான்களைப் பிய்த்தாள். தோளிலிருந்து சட்டை நழுவியது. அங்கே தோளில், சின்னச் சின்ன வட்டமாக, வரிசையாகத் தழும்புகள். சில வெளுத்துப் பழசாகியிருந்தன. இரண்டு மட்டும் இன்னும் பொருக்கு உதிராமல் இருந்தன. பத்துப் பதினைந்து நாள் புண். சிகரெட் நுனி எவ்வளவு பெரிது என்று யாருக்குத்தான் தெரியாது?

மிமூன் பார்ப்பதற்குள் இத்தோ தன் சால்வையை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள்.

*

ஆம்புலன்ஸ் பத்து நிமிஷத்தில் வந்தது. அந்தப் பத்து நிமிஷம் எப்படிப் போனது என்று என்னால் எழுத முடியாது. இத்தோ ஒரு கையில் மகளையும் இன்னொரு கையில் நாத்தனாரின் கையையும் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆ, பிரார்த்தனையெல்லாம் பாதிப் பாதியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது மட்டும் மிமூன் பிறகு சொன்னது.

நர்ஸ் இருவருக்கும் முகமூடி மாட்டி ஆக்சிஜன் கொடுத்தாள். தீஸிரி கால் மணியில் "பசிக்குது" என்றாள். அந்த ஒரு வார்த்தையைக் கேட்டு இத்தோ அழுத அழுகை, மலையடிவாரம்வரை கேட்டிருக்கும். துதா கண்ணைத் திறக்க இன்னும் நேரமானது. திறந்ததும் முகமூடிக்குள்ளிருந்தே கேட்டாள்.

"பிள்ளை?"

"நல்லா இருக்கா. பேசாதே."

"தலை சுத்திச்சு, அண்ணி. கதவு வரைக்கும்தான் தள்ள முடிஞ்சுது."

நர்ஸுக்கு வெறும் காலோடு கிடக்கும் நோயாளியைப் பிடிக்கவில்லை. துதாவின் காலணியைக் கொண்டுவரச் சொன்னாள். மிமூன் அதற்குள் குமுட்டியை எடுத்துப் பனியில் கவிழ்த்து, எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டிருந்தார். இத்தோ உள்ளே ஏறிச் செருப்புத் தொட்டியை இழுத்தாள். தொட்டி நகர்ந்ததும் தரை தெரிந்தது.

உள்ளங்கை அகலக் கம்பி வலை. அதற்குள் இறுக்கமாகத் திணித்த மஞ்சள் துணி.

யாருடைய வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அது தீஸிரியின் பழைய கவுன். பாலைவன ஓரத்து ஊரான எர்ஃபூத்தில் மணல்காற்று அடித்த அன்று மணல் தரை வழியாக ஊற்றுப்போல் வந்தபோது, இத்தோவே முழங்கால் போட்டு, விரலால் குத்திக் குத்தி அடைத்தது. காற்று நின்றதும் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் துதா வந்தாள். செருப்பு வைக்க இடமில்லாமல் தொட்டி அந்த இடத்துக்குப் போனது.

'திறந்துதான் இருக்கும்.' எவ்வளவு மிடுக்காகச் சொன்னாள்! இரண்டு கோடு போட்டதைக்கூட எடுத்துச் சொன்னாளே! துதா கேட்டது குளிருக்காக இல்லை. குமுட்டியை உள்ளே கொண்டுவரும் முன், முறையாக, இந்த வண்டியின் சட்டம் தெரிந்தவளிடம் கேட்டிருக்கிறாள்.

இத்தோ துணியை உருவினாள். வலை வழியாகக் குளிர்க்காற்று சீறிக்கொண்டு ஏறி, அவள் முகத்தில் அடித்தது. துணியைச் சுருட்டிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டாள். தரையில் துதாவின் போன் கிடந்தது. அதையும் எடுத்துப் போட்டுக்கொண்டு, காலணியோடு இறங்கினாள்.

செய்தி கேட்டு ஹத்தூ விழுந்தடித்து ஓடிவந்தான். குல்லாய் எங்கோ விழுந்திருந்தது. மகளைத் தூக்கி முகமெல்லாம் தடவிப் பார்த்தான். அவள் முழுசாக இருக்கிறாள் என்று நிச்சயமான பிறகு, பயம் முழுவதும் கோபமாகத் திரும்பியது. யார்மேல் திரும்பும் என்று சொல்ல வேண்டுமா?

"உனக்குப் புத்தி இருக்கா? மூடின வண்டிக்குள்ள கரியைக் கொண்டுபோய் வைப்பாளா ஒருத்தி? என் பிள்ளையைக் கொன்னிருப்பியே!"

துதா ஆம்புலன்ஸ் படியில் உட்கார்ந்து, முகமூடியைக் கையில் பிடித்துக்கொண்டு, பனியைப் பார்த்தாள்.

"பத்து நாளா சொல்லிக்கிட்டே இருக்கா இவ, வண்டியில இருக்கிற விதம் உனக்குத் தெரியலன்னு. நான்தான் தங்கச்சி தங்கச்சின்னு... போதும். இன்னைக்கே உன் வீட்டுல விட்டுடறேன். அங்க போய் எதை வேணா கொளுத்திக்கோ."

துதா தலையை நிமிர்த்தி இத்தோவைப் பார்த்தாள். கேட்டேனே அண்ணி என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இத்தோ எதிர்த்துச் சண்டை போட்டிருப்பாள். பார்த்தாள், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

சட்டைப்பையில் துணி இருந்தது. வெளியே எடுக்காவிட்டால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. ராத்திரி அலமாரி காலியாக இருக்கும். மேல் கட்டில் தன்னுடையதாக இருக்கும். இத்தோவுக்கு அது எல்லாம் ஒரு நொடியில் தெரிந்தது. அந்த ஒரு நொடிக்காக அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

"அவ என்கிட்ட கேட்டுட்டுத்தாங்க செஞ்சா," என்றாள்.

"என்ன கேட்டா?"

"ஓட்டை திறந்திருக்கான்னு கேட்டா. திறந்திருக்குன்னு சொன்னேன்." மஞ்சள் துணியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "அடைச்சது நான். எர்ஃபூத்துல. குனிஞ்சு பாக்காம வாயால சொன்னதும் நான். உங்க தங்கச்சி மயங்கி விழறதுக்கு முன்னாடி நம்ம பிள்ளையை வெளிய தள்ளியிருக்கா. தனக்கு வழி பாக்கல. நான் வந்து, பிள்ளையைப் பனியில தள்ளிட்டான்னு அவளைத் திட்டிக்கிட்டே கதவைத் திறந்தேங்க."

ஹத்தூ கையிலிருந்த கவுனைப் பார்த்தான். தீஸிரியின் மூன்றாவது பிறந்தநாளுக்கு அவன் வாங்கியது. பிறகு அவன் கண், திறந்து கிடந்த வண்டிக் கதவு வழியாக உள்சுவருக்குப் போனது. அங்கே அலாரம் இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும் இருந்தன. கோபத்தில் நீட்டியிருந்த விரல் மெதுவாக மடங்கியது.

"வீட்டுச் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க," என்றாள் நர்ஸ். "ரெண்டு பேரையும் இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டணும். ரத்தத்தைப் பாக்கணும். தலைவலி போயிடுச்சுன்னு விட்டுடாதீங்க, இது திரும்பி வரும். வந்த வழியில ரிஷ்ஷா, அந்தப் பக்கம் மிதெல்த்தா, ரெண்டும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். எங்கயாவது போங்க, ஆனா போங்க."

மூன்று மணிவரை இருவருக்கும் ஆக்சிஜன் கொடுத்த பிறகு அவளுக்கு வேறொரு அழைப்பு வந்து, ஆம்புலன்ஸ் மேலே ஏறிப் போய்விட்டது.

*

மூன்றரை மணிக்குத் தடுப்பு திறந்துவிட்டது என்று மேலிருந்து கீழேவரை ஹாரன் சத்தமாகச் செய்தி வந்தது. பின்னால் நின்ற இரண்டு வண்டிகளும் பொறுக்காமல் நத்தையைத் தாண்டி முன்னால் போயின.

"ஏறுங்க, ஏறுங்க," என்றான் ஹத்தூ. "ஒரு மணி நேரத்துல மிதெல்த் ஆஸ்பத்திரி. துதா, படுத்துக்கோ. எதுவும் மனசுல வச்சுக்காதே." குரல் தணிந்திருந்தது. ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்து அவன் பேசவில்லை.

இத்தோ ஏறவில்லை. முதல் விதிப்படி, வண்டியைக் கையால் தொட்டபடி சுற்றத் தொடங்கினாள். பின்பக்கம் வந்தபோது சட்டைப்பையில் துதாவின் போன் அதிர்ந்தது. பாதி உடைந்த திரையில் பென்னாசர் பெயர். அதற்குக் கீழே இரண்டு வரி.

'கணவாய்க்கு மிதெல்த் பக்கத் தடுப்புல நிக்கிறேன். உன் அண்ணன் நேரம் சொல்லிட்டான். இந்தத் தடவை ஆட்டம் காட்டாம இறங்கி வா.'

இத்தோ இரண்டு முறை படித்தாள். டீக்கடையில், மிச்ச டீயை நீட்டிக்கொண்டு, 'விட்டுடலாம்னு இருக்கேன்' என்றானே ஹத்தூ. இருக்கேனாவது! அப்போதே எல்லாம் பேசி முடிந்திருக்கிறது. அவளுடைய 'உங்க இஷ்டம்' வெறும் முத்திரைதான்.

அந்த வட்டத் தழும்புகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. இந்தப் போனைத் தூக்கிப் பனியில் எறிந்தால் பயம் போய்விடுமா? போகாது.

பின்சக்கரங்களுக்குப் பின்னால், மேட்டில் வண்டி நழுவாமல் இருக்க இரண்டு மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன. இத்தோ இரண்டையும் உதைத்து எடுத்தாள். கையில் தூக்கிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். முன்சக்கரங்களுக்கு முன்னால் வைத்து, குதிகாலால் ஓங்கி ஓங்கி மிதித்து இறுக்கினாள்.

ஹத்தூ ஜன்னலை இறக்கினான். "என்னடி பண்றே? கட்டையை எடுன்னா முன்னாடி கொண்டுபோய் வைக்கிறே?"

"வண்டியைத் திருப்புங்க. ரிஷ்ஷுக்குப் போவோம்."

"பைத்தியமா உனக்கு? ரோடு திறந்துடுச்சு."

"யாருக்குத் திறந்துதுன்னு எனக்குத் தெரியும்." போனை ஜன்னல் வழியாக அவன் மடியில் போட்டாள். "நீங்க உங்க தங்கச்சி தோளைப் பாத்திருக்கீங்களா?"

"தோளா? எதுக்கு?"

"பாத்திருக்க மாட்டீங்க. நானும் பத்து நாளா பாக்கலையே. இந்த அஞ்சரை மீட்டர்ல முதுகோட முதுகு உரசிக்கிட்டு இருந்தும் பாக்கல. சிகரெட்டால சுட்டிருக்காங்க. ஒண்ணு ரெண்டு இல்ல. என்னால எண்ண முடியல."

ஹத்தூ பின்னால் திரும்பினான். துதா கம்பளியைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அந்த ஒரு அசைவு போதுமாக இருந்தது. அவன் கண் நிறைந்துவிட்டது.

"அவன் அழுதானே," என்றான் யாருக்கோ. "போன்ல அழுதானே..."

"திருப்புங்க."

ஹத்தூ பின் கியரைப் போட்டான். நத்தை முனகிக்கொண்டு பின்வாங்கி, குறுகலான ரோட்டுக்குக் குறுக்கே மூக்கைத் திருப்ப ஆரம்பித்தது. சக்கரம் பனியில் சுழன்றது. இத்தோ கட்டைகளைத் தூக்கிக்கொண்டு, "வாங்க, வாங்க, இன்னும் ஒரு முழம், நில்லுங்க" என்று கை காட்டினாள். பாதி திரும்பிவிட்டது. இன்னும் இரண்டு முறை முன்னும் பின்னும் போனால் போதும்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தடுப்பு திறந்தால் இங்கிருப்பவர்கள் மட்டுமா அங்கே போகலாம்? அங்கிருப்பவர்களும் இங்கே வரலாமே.

மேல் வளைவில், பனி வாரும் வண்டிக்குப் பின்னால், முதல் ஆளாக ஒரு வெள்ளை பிக்கப் இறங்கிக்கொண்டிருந்தது. முன்விளக்கு ஒன்றுதான் எரிந்தது. நத்தையைக் கண்டதும் அது வரிசையை விட்டு விலகி வேகம் பிடித்தது.

உள்ளே ஜன்னலோரம் படுத்திருந்த துதா எழுந்து உட்கார்ந்தாள். தன் வீட்டு வாசலில் எத்தனையோ ராத்திரி வந்து நின்ற அந்த ஒற்றை விளக்கைப் பார்த்தாள். காலையிலிருந்து முதல் முறையாக அவள் குரல் உடைந்தது.

"அண்ணி, ஏறுங்க. ஏறிக் கதவைத் தாழ் போடுங்க."